நீரை அளந்து அவிக்கும் மீன்

சோறு ஆக்குவதற்கென்றே வாங்கப்படும் மின்சார ரைஸ் குக்கர், ஹாங்காங், தைவான், தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணம் ஆகிய இடங்களில் மீன் அவிக்கும் பாத்திரமாகவும் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. தட்டில் பரப்பிய மீன் துண்டுகளின் மேல் இஞ்சிக் கீற்றுகளைத் தூவி, அத்தட்டைக் குக்கருக்குள் கொதிநீருக்கு மேலே அமர்த்தி மூடிவிட்டால், எண்ணெயும் தனி அடுப்பும் இன்றிச் சில நிமிடங்களில் மீன் வெந்துவிடுகிறது. அடுப்பு வைக்க இடமில்லாத விடுதி அறைக்கும், ஓரிருவர் மட்டும் வாழும் சிறு வீட்டுக்கும் இம்முறை பெரிதும் கைகொடுக்கிறது என்றாலும், இதை வெறும் அவசரச் சமையல் என்று ஒதுக்குவது சரியன்று. ஆவியை உண்டாக்கி, நீர் வற்றும் தருணத்தை அறிந்து, தானே நின்றுகொள்ளும் கருவியாகவே ரைஸ் குக்கர் முதன்முதலில் உருவாக்கப்பட்டது; அந்த இயல்பைப் புரிந்துகொண்டு நீரை அளக்கப் பழகியவருக்கு, சோற்றைப் போலவே மீனும் அதில் பதமாக வெந்து கிடைக்கும்.

ஆவியின் துணையால் பிறந்த கருவி

மின்சாரத்தால் சோறு ஆக்கும் பாத்திரங்களை ஜப்பானிய நிறுவனங்கள் 1955-க்கு முன்பே செய்துபார்த்திருந்தன. ஆயினும் அவற்றில் வெந்ததும் தானே நிற்கும் வசதி இல்லாததால், விறகு மூட்டும் வேலை குறைந்ததேயன்றி அருகில் நின்று காத்திருக்கும் வேலை குறையவில்லை. டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஷோகோ யமதா என்பவர், இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பை டோக்கியோவில் சிறு தொழிற்கூடம் நடத்திவந்த யோஷிததா மினாமியிடம் ஒப்படைத்தார். மினாமியின் மனைவி ஃபுமிகோ மீண்டும் மீண்டும் சோறு ஆக்கி, அரிசியின் அளவு, நீரின் அளவு, வெளியிலுள்ள குளிர், வேகும் நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்தார். கொதி வந்த பின் ஏறத்தாழ 20 நிமிடம் அதே சூட்டில் இருந்தால் அரிசி நன்றாக வேகும் என்பது தெரிந்தபோதும், அரிசியின் அளவும் பருவமும் மாறும்போதெல்லாம் கொதி வரும் நேரமும் மாறியதால், கடிகாரத்தைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்தும் வழி பயன்படவில்லை.

அவர்கள் கண்ட தீர்வு இரட்டைப் பாத்திரமாகும். அரிசியும் அதற்கான நீரும் உள்பாத்திரத்தில் இருக்க, வெளிப்பாத்திரத்தில் தனியாக ஒரு கோப்பை நீர் ஊற்றப்பட்டது. அந்நீர் கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை பாத்திரத்தின் அடிப்பகுதி 100 பாகை செல்சியசைத் தாண்டுவதில்லை. அது முழுவதும் வற்றியவுடன் வெப்பநிலை விரைந்து ஏறும். அவ்வேற்றத்தை உணர்ந்த ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஈருலோகப் பட்டை என்பது, சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவது. ஒன்று மற்றதைவிட அதிகம் விரிவதால் பட்டை ஒரு பக்கமாக வளைகிறது. இவ்வமைப்புடன் 1955 டிசம்பரில் 3,200 யென் விலையில் டோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த குக்கரே தானாக நிற்கும் முதல் மின்சார ரைஸ் குக்கராகும். உள்பாத்திரத்துக்கு வேண்டிய வெப்பத்தில் பெரும்பங்கு சுற்றியிருந்த ஆவியின் வழியாகவே சென்றதால், அக்கருவி தன் முதல் வடிவிலேயே ஆவியில் அவிக்கும் பாத்திரமாகவும் இருந்தது.

நீரால் அளக்கும் குக்கர், கடிகாரத்தால் அளக்கும் குக்கர்

ஜப்பானில் இரட்டைப் பாத்திர முறை விரைவில் பின்தங்கியது. மட்சுஷிதா நிறுவனம் 1956-இல் ஒற்றைப் பாத்திரக் குக்கரைக் கொண்டுவந்தது. சூட்டுத்தட்டின் மேல் நேராக உட்காரும் ஒரே பாத்திரத்தைக் கொண்ட அவ்வகையே இன்று உலகெங்கும், தமிழ்நாட்டு வீடுகளிலும், பரவலாக உள்ளது. ஆனால் தைவானில் தாதுங் நிறுவனம் டோஷிபாவின் தொழில்நுட்பத்தைக் கொண்டு 1960-இல் தயாரிக்கத் தொடங்கிய மின்பாத்திரம், இன்றுவரை வெளிப்பாத்திரத்தில் நீர் ஊற்றும் பழைய அமைப்பையே கைவிடாமல் வைத்திருக்கிறது. தைவான் குடும்பங்கள் அதில் சோறு மட்டுமன்றிக் கொழுக்கட்டை வகைகள், முட்டை, இறைச்சிச் சாறு, மீன் என அனைத்தையும் சமைக்கின்றன. மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் மாணவர்கள் அதைப் பெட்டியில் வைத்து எடுத்துச்செல்வது அங்கு வழக்கமாகவே ஆகிவிட்டது.

தாதுங் பாத்திரத்தில் மீன் அவிப்பவர் நிமிடங்களைக் கணக்கிடுவதில்லை; கோப்பைகளைக் கணக்கிடுகிறார். குக்கருடன் வரும் அளவுக்கோப்பை 180 மில்லிலிட்டர் கொள்ளும். 700 வாட் மின்திறனில் இயங்கும் ஒரு குக்கர், 25 பாகையில் உள்ள 180 மில்லிலிட்டர் நீரைக் கொதிக்கவைக்க ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும், அந்நீர் முழுவதையும் ஆவியாக்கப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் எடுத்துக்கொள்ளும் என்பது இயற்பியல் கணக்கு. பாத்திரமும் தட்டும் சூடேறுவதற்கும், மூடியில் படிந்த ஆவி மீண்டும் நீராகிக் கீழே சொட்டுவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால், ஒரு கோப்பை நீர் நடைமுறையில் 15 முதல் 20 நிமிடம் வரை நீடிக்கிறது. மெல்லிய துண்டுகளுக்கு அரைக் கோப்பை, தடித்த துண்டுகளுக்கு ஒரு கோப்பை என்று வைத்துக்கொண்டால், நீர் வற்றியதும் விசை தானே மேலெழும், மீனும் வெந்திருக்கும்.

ஒற்றைப் பாத்திரக் குக்கரின் நடத்தை இதனின்று சற்று வேறுபடுகிறது. அதன் சூட்டுத்தட்டின் நடுவே வில்சுருளால் தாங்கப்பட்டுப் பாத்திரத்தின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும் சிறு பொத்தான் போன்ற பகுதியே வெப்பநிலையை உணர்கிறது. பல குக்கர்களில் அதனுள் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் உள்ளது. குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் காந்தப்பொருள்கள் தம் காந்தத்தன்மையை இழக்கும் என்ற விதிப்படி, 100 பாகையைச் சற்றே தாண்டியதும் அது விசையை விட்டுவிடுகிறது. சோற்றில் நீர் உறிஞ்சப்பட்டதும் இது நிகழ்கிறது. மீன் அவிக்கும்போதோ, பாத்திரத்தில் வெறும் நீர் இருப்பதால், அது முழுவதும் ஆவியாகும் வரை விசை விடுபடுவதில்லை. அரை லிட்டர் நீர் ஊற்றப்பட்டிருந்தால், 700 வாட் குக்கரில் அது வற்ற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மீன் நாராகிவிடும். ஆகவே தாதுங் பாத்திரத்தில் நீர் செய்யும் வேலையை, ஒற்றைப் பாத்திரக் குக்கரில் சமைப்பவரும் அவருடைய கடிகாரமும் செய்தாக வேண்டும். விசை தானே நிற்கும் என்று நம்பி அகல்வதே இக்குக்கரில் மீன் கெடுவதற்கு முதற்காரணம்.

ஆவியும் மீன் சதையும்

கொதிநீரும் அதிலிருந்து எழும் ஆவியும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், அவை சுமந்துவரும் வெப்பம் ஒன்றன்று. ஒரு கிராம் கொதிநீர் 100 பாகையிலிருந்து 60 பாகைக்குக் குளிரும்போது 40 கலோரி வெப்பத்தையே தருகிறது. ஒரு கிராம் ஆவி குளிர்ந்த மீனின் மேல் பட்டு நீராக மாறும்போது, அம்மாற்றத்திலேயே ஏறத்தாழ 540 கலோரியை வெளியிடுகிறது. நிலை மாறும்போது வெளிப்படும் இவ்வெப்பம் உள்ளுறை வெப்பம் எனப்படும். ஆவி குளிர்ந்த இடத்தில் அதிகமாகவும் சூடான இடத்தில் குறைவாகவும் படிவதால், மீனின் மேற்பரப்பு எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே சீராகச் சூடேறுகிறது. புரட்டிப் போட வேண்டிய தேவையில்லை. மேலும், மூடிய பிரஷர் குக்கருக்குள் வெப்பநிலை 120 பாகையை நெருங்குகிறது; ரைஸ் குக்கரின் மூடியிலுள்ள துளை வழியே ஆவி வெளியேறிக்கொண்டே இருப்பதால், உள்ளே 100 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மென்மையான மீனுக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது.

ஆட்டிறைச்சி ஒரு மணி நேரம் வெந்து மிருதுவாகிறது. மீன் பத்து நிமிடத்தில் மிருதுவாகி இருபது நிமிடத்தில் வறண்டுவிடுகிறது. நிலத்தில் வாழும் விலங்கு தன் எடையைத் தானே தாங்க வேண்டியிருப்பதால், அதன் தசைகளைக் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் உறுதியாகக் கட்டிவைத்திருக்கிறது. மீனின் எடையை நீரே தாங்கிக்கொள்வதால், அதன் தசை குறுகிய இழைகளால் ஆன அடுக்குகளாகவும், அவ்வடுக்குகளை ஒட்டவைக்கும் கொலாஜன் மெல்லியதாகவும் இருக்கின்றன. அந்தக் கொலாஜன் 50 முதல் 60 பாகையில் இளகிவிடுவதாலேயே, வெந்த மீன் விரலால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிகிறது. அதற்கு மேல் சூடேற ஏற, தசைப்புரதங்கள் சுருங்கித் தமக்குள் இருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. துண்டின் மேல் வெண்ணிறத் தயிர்த்துளிகள்போல் புரதம் கசிந்து திரண்டிருப்பது, மீன் தேவைக்கு மேல் வெந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மீனின் உட்பகுதி 63 பாகையை எட்ட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பாதுகாப்புக்கு வேண்டிய அந்த அளவுக்கும் சுவை கெடும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகியது என்பதால், நடுப்பகுதி வெந்ததும் எடுத்துவிடும் விழிப்பு சமைப்பவருக்கு வேண்டும்.

வேகும் நேரத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது மீனின் எடையன்று, அதன் தடிமன். வெப்பம் சதையின் வெளிப்பரப்பிலிருந்து நடுப்பகுதிக்குச் சென்று சேர வேண்டியிருப்பதால், தடிமன் இரு மடங்கானால் நேரம் இரு மடங்கைவிடக் கூடுதலாகிறது. அரைக் கிலோ மீனை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குவதற்கும் மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குவதற்கும் உள்ள வேறுபாடு, அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது.

சோற்றின் மேல் மீன்

குவாங்டோங் சமையலில் மீன் அவிப்பது எளிய வேலையாகக் கருதப்படுவதில்லை. தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும் மீனைச் சந்தையில் வாங்கி, கொதி நன்றாக வந்த பின்னரே உள்ளே வைத்து, நடுமுள்ளை ஒட்டிய சதை அப்போதுதான் வெள்ளையாக மாறிய நிலையில் வெளியே எடுப்பதே அங்குள்ள நல்ல சமையலுக்கு அளவுகோல். களவா, கொடுவா, புல் கெண்டை ஆகியவை அவிப்பதற்கு ஏற்றவையாகப் போற்றப்படுகின்றன. அதே மண்ணில், மண்சட்டியில் சோறு ஆக்கி, நீர் வற்றும் தறுவாயில் அதன் மேல் லாப் சியோங் எனப்படும் உலர்ந்த தொத்திறைச்சித் துண்டங்களையோ கருவாட்டையோ வைத்து மூடி, சோற்றின் ஆவியிலேயே வேகவைக்கும் வழக்கமும் உண்டு. மேலே வைத்தது வேக, அதன் கொழுப்பும் மணமும் சோற்றில் இறங்கும்.

ஜப்பானிய ரைஸ் குக்கர் ஹாங்காங்குக்கு வந்தபோது, அங்குள்ள குடும்பங்கள் அதில் எதிர்பார்த்தது இந்த மண்சட்டிச் சோற்றைத்தான். மேற்பொருளை எப்போது வைக்க வேண்டும் என்று அறிய, மூடியைத் திறக்காமல் உள்ளே பார்க்க வேண்டியிருந்தது. அடிக்கடி திறந்தால் ஆவி வெளியேறிச் சோறு கெடும். மட்சுஷிதாவின் நேஷனல் பெயரிலான பொருள்களை ஹாங்காங்கில் விற்றுவந்த ஷுன் ஹிங் நிறுவனத்தின் வில்லியம் மோங், உள்ளூர் மக்களின் இத்தகைய தேவைகளைத் தயாரிப்பாளரிடம் எடுத்துச்சென்றவர். 1960-களில் ஹாங்காங் சந்தைக்கென மூடியில் கண்ணாடிச் சாளரம் பதித்த குக்கர்கள் வந்தன. இன்று பல நாடுகளில் இயல்பாகக் காணப்படும் கண்ணாடி மூடி, சோற்றின் மேல் இன்னொன்றை வேகவைக்கும் வழக்கத்துக்கு எவ்வளவு ஏற்றது என்பதை அச்சாளரம் அன்றே காட்டியது.

சோற்றையும் மீனையும் ஒரே நேரத்தில் சமைக்க விரும்புபவர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: குக்கருக்குத் தெரிவது அடியில் உள்ள அரிசியின் நிலை மட்டுமே, மேல்தட்டில் உள்ள மீன் வெந்ததா இல்லையா என்பதை அறியும் வழி அதற்கு இல்லை. சோறு வெந்ததும் விசை விடுபடும். மீன் வேகவில்லை என்று மீண்டும் அழுத்தினால் அடிச்சோறு தீயும். எனவே இதற்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய துண்டுகளே ஏற்றவை. சோற்றின் மேல்நீர் மறைந்து, ஆவி வெளியேறும் சிறு துளைகள் பரப்பில் தென்படும் கட்டத்தில், மீன் உள்ள துளைத்தட்டை விரைந்து வைத்து மூட வேண்டும். பச்சை மீனின் சாறு சோற்றில் சொட்டாதபடி, துளைத்தட்டின் மேல் விளிம்புள்ள சிறிய எவர்சில்வர் தட்டு ஒன்றில் மீனை வைப்பது நல்லது.

செய்முறை

சோறின்றி மீனை மட்டும் அவிப்பதே தொடங்குபவருக்கு எளிது. 1.8 லிட்டர் குக்கரின் துளைத்தட்டு முழு மீனைத் தாங்கும் அளவுக்கு அகலமானதன்று என்பதால், கொடுவா, சங்கரா, விளைமீன் போன்றவற்றின் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளையோ வாவல் போன்ற தட்டையான சிறு மீனையோ தேர்ந்தெடுக்கலாம். செதிலையும் செவுளையும் குடலையும் நீக்கி, நடுமுள்ளை ஒட்டி உறைந்திருக்கும் இரத்தத்தைச் சுரண்டிக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். உறைந்த மீன் என்றால், குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகவிட்ட பின்னரே அவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரங்கள் வறண்டுபோகும் வேளையிலும் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும்.

பாத்திரத்தில் துளைத்தட்டைத் தொடாத அளவுக்கு, ஏறத்தாழ அரை லிட்டர் நீர் ஊற்றி, பாத்திரத்தின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உள்ளே வைத்து விசையை அழுத்த வேண்டும். நீர் தளதளவென்று கொதித்து ஆவி விடாமல் எழும்போதுதான் மீன் உள்ளே செல்ல வேண்டும். கொதிக்காத நீரின் மேல் வைத்தால், மீன் வெதுவெதுப்பில் நீண்ட நேரம் கிடந்து சாறு விட்டுவிடும். வேகும் நேரத்தையும் கணிக்க முடியாது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாக இருப்பதும், தட்டின் ஓரத்தைச் சுற்றி ஆவி எழ ஒரு விரல் இடைவெளி விடுவதும் இன்றியமையாதவை. துண்டுகளுக்கு அடியில் இஞ்சிக் கீற்றுகளையோ வெங்காயத்தாளின் தண்டுகளையோ பரப்பினால், ஆவி கீழ்ப்பக்கமும் சென்று சேரும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுக்கு எட்டு முதல் பத்து நிமிடம் போதும். பிறகு விசையை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் விட்டால், வெளிப்புறச் சூடு உட்புறத்துக்குப் பரவி வேக்காடு நிறைவடையும். தடித்த இடத்தில் கத்திமுனையை நுழைத்துப் பார்க்கும்போது, கண்ணாடி போன்ற தோற்றம் மறைந்து சதை வெள்ளையாகி, முள்ளிலிருந்து தடையின்றிப் பிரிந்தால் மீன் வெந்துவிட்டது.

தட்டில் தேங்கியிருக்கும் நீரைக் குவாங்டோங் சமையலில் கொட்டிவிடுவார்கள். கவிச்சி அதில்தான் தங்குகிறது என்பதே காரணம். கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற மணமற்ற பொருள் உள்ளது. மீன் இறந்த பின் நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. கவிச்சி வாடைக்கு அதுவே முதன்மைக் காரணம். எலுமிச்சைச் சாறு, புளி முதலிய புளிப்புப் பொருள்கள் அதனுடன் வினைபுரிந்து ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால் வாடை அடங்குகிறது. நீரைக் கொட்டிய பின், புதிதாக நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் மீனின் மேல் தூவி, புகையும் அளவுக்குக் காய்ச்சிய எண்ணெய் ஒரு கரண்டியை அவற்றின் மேல் ஊற்றி, ஓரத்தில் சோயா சாஸை விடுவது அங்குள்ள மரபு. மிளகுத்தூளும் பூண்டும் தாளித்த நல்லெண்ணெயும் சேர்த்தாலும் மீன் அதே அளவு சுவை தரும்.

கவனிக்க வேண்டியவை

அவித்த மீனில் குறையை மறைக்க மசாலா எதுவும் இல்லாததால், மீன் புதியதாக இருக்க வேண்டும். பழைய மீன் குழம்பில் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். ஆவியில் அதன் குறை முழுவதும் வெளிப்பட்டுவிடும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிரூட்டப்படாமல் கிடந்தால் அவற்றில் ஒவ்வாமை போன்ற அறிகுறிகளை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. சமைக்கும் சூட்டில் அது அழிவதில்லை என்பதால், எவ்வளவு வேகவைத்தாலும் பயனில்லை. இதே காரணத்தால், காலையில் மீனைக் குக்கருக்குள் வைத்து மாலையில் வேகும்படி நேரம் குறித்துவிட்டுச் செல்வதும் கூடாது. விசை விடுபட்ட பின் குக்கர் தானாகச் செல்லும் சூடாக வைத்திருக்கும் நிலை சோற்றுக்கு ஏற்றதாயினும், மீனை மெல்ல மெல்ல உலர்த்திவிடும். ஆகவே வெந்தவுடன் வெளியே எடுக்க வேண்டும்.

இந்தியாவிலும் இச்சமையலுக்கு உறவுகள் உள்ளன. வங்காளத்தில் இலிஷ் மீனைக் கடுகு விழுதிலும் கடுகெண்ணெயிலும் பிசறி, மூடியுள்ள டிபன் டப்பாவில் அடைத்து, சோறு வேகும் பானைக்குள்ளேயே வைத்து அவிப்பார்கள். பார்சிகள் தேங்காயும் கொத்துமல்லியும் அரைத்த பச்சைச் சட்னியை வாவல் துண்டுகளில் பூசி, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பார்கள். தமிழ்நாட்டில் மீன் பெரும்பாலும் குழம்பாகவோ வறுவலாகவோ உண்ணப்பட்டாலும், இட்லியும் புட்டும் கொழுக்கட்டையும் ஆவியிலேயே வேகும் இம்மண்ணில் அதன் இயல்பு எவருக்கும் புதிதன்று. கொதி வந்த பின்னரே தட்டை வைக்க வேண்டும், துளைகளை அடைக்கக் கூடாது, இடையில் திறக்கக் கூடாது என்று இட்லிக்குச் சொல்லப்படும் விதிகள் அனைத்தும் மீனுக்கும் அப்படியே பொருந்தும்.

நாளுக்கு ஒரு முறை சோறு ஆக்கிவிட்டு மூலையில் ஒதுக்கப்படும் ரைஸ் குக்கர், அதன் திறனில் ஒரு பகுதியை மட்டுமே வீட்டுக்குத் தருகிறது. அதன் துளைத்தட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட குடும்பத்துக்கு, குறைந்த எண்ணெயில், அடுப்படிச் சூடின்றி, முதியவரும் குழந்தையும் எளிதில் மெல்லக்கூடிய ஓர் உணவு கால் மணி நேரத்தில் கிடைக்கிறது. ஃபுமிகோவின் சோதனைகள் உறுதிப்படுத்தியபடி, நீர் எப்போது கொதிக்கிறது, எப்போது வற்றுகிறது என்பதை அறிந்தவருக்கே அக்கருவி முழுவதும் வசப்படும். எனவே முதல் முறை மீனை வைப்பதற்கு முன்பு, வீட்டிலுள்ள குக்கரில் ஒரு கோப்பை நீரை மட்டும் ஊற்றி, அது கொதிக்கவும் வற்றவும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்வதே இச்சமையலுக்கான சிறந்த தொடக்கமாகும்.